மெஸ்ஸி ஜெயிச்சாரு, என் 20 டாலர் போச்சு

போன வாரம் என்னோட பழைய குளிர் கோட்டை லைனிங் மாத்த டெய்லர் கடையில குடுத்திருந்தேன். அந்தம்மா போன் பண்ணி "உள்ள ரெண்டு பேப்பர் சிக்கிட்டு இருந்துச்சு, வேணுமா இல்ல தூக்கிப் போட்ரவா"ன்னு கேட்டாங்க. பழைய பில்லா இருக்கும், போட்ருங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்து பாத்தா ரெண்டும் லாஸ் வேகஸ்ல வாங்கின பெட்டிங் சீட்டு. தேதி 2022 டிசம்பர் 18. மை பாதி மங்கிப் போச்சு ஆனா படிக்க முடியுது. ஒண்ணு என்னோடது, தோத்த சீட்டு. இன்னொண்ணைப் பத்தி கடைசில சொல்றேன், அது குடும்பப் பிரச்சினை.

வேகஸ் போனது எனக்காக இல்ல, தம்பிக்காக. அவன் எம்.எஸ். படிக்க லாஸ் ஏஞ்சலஸ் வந்தப்போ கூட தங்கின பசங்க எல்லாம் ரெய்டர்ஸ் பைத்தியம். இவனும் அப்படியே ஆயிட்டான். ரெய்டர்ஸ்னா அமெரிக்கன் ஃபுட்பால் டீம், 1982லேர்ந்து 1994 வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்தாங்க, அப்புறம் அவங்க பழைய ஊரு ஓக்லாண்டுக்கே திரும்பிப் போனாங்க, 2020ல வேகஸுக்கு வந்துட்டாங்க. ஊர் ஊரா மாறினாலும் பழைய ஊர்க்காரங்க விடல, இன்னைக்கும் லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து ஒவ்வொரு மேட்சுக்கும் கார்ல கிளம்பிப் போறவங்க இருக்காங்க. எங்க ஊர்ல முருகன் கோயிலுக்கு மாசாமாசம் போற மாதிரி. அவன் பொறந்தநாளுக்கு மூணு டிக்கெட் எடுத்தோம், அவனுக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு. டிக்கெட் விலைய எழுத மாட்டேன், அம்மா இத படிக்கிறாங்க.

எடுக்கும்போது ஞாயித்துக்கிழமை ராத்திரி மேட்ச்னு தான் போட்டிருந்தாங்க. ரெண்டு டீமும் அந்த வருஷம் சுமார் தான், அதனால டிவிக்காரங்க ராத்திரி நேரத்தை வேற மேட்சுக்கு குடுத்துட்டு இத மதியம் 1.05க்கு தள்ளிட்டாங்க. தம்பி மூஞ்சி தொங்கிப் போச்சு. நான் மட்டும் காலண்டரை பாத்து கணக்கு போட்டுட்டு இருந்தேன், ஏன்னா அதே ஞாயித்துக்கிழமை காலைல உலகக் கோப்பை ஃபைனல். கத்தார்ல சாயங்காலம் 6 மணின்னா நாங்க இருக்குற கலிஃபோர்னியாவுக்கும் வேகஸுக்கும் காலைல 7 மணி. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அர்ஜென்டினா குரோஷியாவ 3-0ன்னு அடிச்சு ஃபைனலுக்கு வந்துட்டாங்க. 7 மணிக்கு ஒரு ஃபுட்பால், 1 மணிக்கு இன்னொரு ஃபுட்பால், ஒரே ஊர்ல ஒரே நாள்ல. தம்பி சொன்னான் "அக்கா அது சாக்கர்". டேய் காலால ஆடுறது தான்டா ஃபுட்பால், நீ பாக்குறது கையால ஆடுறதுன்னேன். பத்து வருஷமா நடக்குற சண்டை இது.

நான் பொறந்து வளந்த வீடு வியாசர்பாடி. தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேணாம், தெரியாதவங்களுக்கு, வடசென்னைல தெருவுக்குத் தெரு ஃபுட்பால் ஆடுற ஏரியா, மினி பிரேசில்னே சொல்லுவாங்க. ஆனா எங்கப்பா மட்டும் அர்ஜென்டினா. 1986ல பக்கத்து வீட்டு டிவில மரடோனாவ பாத்தவரு, அன்னையிலேர்ந்து கட்சி மாறவே இல்ல. தெரு பூரா மஞ்ச சட்டை, இவரு ஒருத்தர் மட்டும் வெள்ளையும் நீலமும். அந்த ரத்தம் தான் எனக்கும்.

பையனை ஃப்ரெண்டு வீட்ல விட்டுட்டு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு கிளம்பினோம். ஐ-15 ரோட்ல வெள்ளி சாயங்காலம் போனவங்களுக்குத் தான் அந்த வேதனை தெரியும், கஹோன் கணவாய் ஏறுறதுக்குள்ளயே பாதி உயிர் போயிடும். பாலைவனத்துக்கு நடுவுல பேக்கர்னு ஒரு சின்ன ஊர்ல 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் நட்டு வச்சிருக்காங்க, பக்கத்துல டெத் வேலில 1913ல 134 டிகிரி வெயில் அடிச்சதாம் அந்த ஞாபகமா. அங்க நிறுத்தி டீ குடிச்சோம், புளியோதரை டப்பாவைத் திறந்தோம், ஞாயிறு ராத்திரிக்கும் வேணும்னு பாதிய மூடி வச்சேன்.

ஹோட்டல் பேரு வேணாம். ஸ்ட்ரிப்னு சொல்ற கேசினோ ரோட்டோட தெக்கு கோடில ஒரு பெரிய கேசினோ ரிசார்ட், ஸ்டேடியத்துக்கு நடந்து போற தூரம், அதுக்காகத் தான் எடுத்தது. நடுராத்திரி செக்-இன் பண்ண நாப்பது பேரு லைன்ல நிக்குறாங்க. ரூமுக்கு ஆன்லைன்ல காமிச்ச விலை ஒண்ணு, கவுன்டர்ல சொன்ன விலை ஒண்ணு, ஏன்னா ராத்திரிக்கு 40 டாலர் கிட்ட ரிசார்ட் ஃபீன்னு தனியா ஒண்ணு. எதுக்குன்னு கேட்டா வைஃபைக்கும் ஜிம்முக்குமாம். நான் ஜிம் பக்கமே வரலன்னு சொன்னேன், அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு கார்டை தேச்சிருச்சு. ரூம்ல இருக்குற குட்டி ஃப்ரிட்ஜ்ல எத எடுத்தாலும் இல்ல கொஞ்சம் நகத்தினாலே சென்சார் வச்சு பில் போட்ருவானாம், அதுக்கு பயந்து தயிர் டப்பாவை ஐஸ் பக்கெட்ல வச்சோம். வேகஸ்ல போய் ஐஸ் பக்கெட்ல தயிர் வச்ச ஆளுங்க நாங்க.

இன்னொரு விஷயம், அந்த ரூம் பில்லுல இருக்குற வரிலயும் ஒரு துண்டு ஸ்டேடியத்துக்குத் தான் போகுது. அலீஜியன்ட் ஸ்டேடியம் கட்ட கிட்டத்தட்ட 190 கோடி டாலர் ஆச்சு, அதுல 75 கோடி டாலர் ஹோட்டல் ரூம் வரி மூலமா. அதாவது ஃபுட்பால்னா என்னன்னே தெரியாம கல்யாணத்துக்கு வந்துட்டு ஒரு ராத்திரி தங்கிட்டு போறவங்க கூட ரெய்டர்ஸ் ஸ்டேடியத்துக்கு மொய் எழுதிட்டு தான் போறாங்க.

சனிக்கிழமை பெருசா ஒண்ணும் இல்ல. பெலாஜியோ ஃபவுன்டன் ஓசில பாத்தோம். ஊரு பூரா ஆரஞ்சு சட்டையா சுத்திட்டு இருந்துச்சு, என்னடான்னா அன்னைக்கு அதே ஸ்டேடியத்துல ஓரிகன் ஸ்டேட்டும் ஃப்ளோரிடாவும் காலேஜ் மேட்ச், ரெண்டு பேருக்குமே ஆரஞ்சு தான் கலர், யாரு எந்தக் கட்சின்னே கண்டுபிடிக்க முடியல.

என் வீட்டுக்காரர் கணக்குப் புலி. சூதாட மாட்டாரு, ஆனா சூதாட்டத்தோட கணக்கை மத்தவங்களுக்கு விளக்குவாரு, ரொம்ப டேஞ்சரான கேரக்டர். சக்கரத்துல குண்டு உருட்டுற ரூலெட் டேபிள் பக்கத்துல நின்னுக்கிட்டு சொல்றாரு, "இதுல 36 நம்பர், கூட ரெண்டு ஜீரோ, மொத்தம் 38 குழி. ஆனா ஜெயிச்சா வச்ச காசைத் திருப்பிக் குடுத்து கூட 35 மடங்கு தான் தருவான். அந்த ரெண்டு குழி தான் அவனோட சம்பளம், நூறு ரூபா வச்சா சராசரியா அஞ்சேகால் ரூபா அவனுக்கு. அங்க பாரு, அந்த டேபிள்ல மூணு ஜீரோ போட்டிருக்கான், அது ஏழரைக்கும் மேல." ஏழரைன்னதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, சனி பகவானே வந்து டேபிள் போட்ட மாதிரி. அப்புறம் பிளாக்ஜாக்னு ஒரு சீட்டாட்டம். முன்னெல்லாம் 10 டாலர் வச்சு மொத ரெண்டு சீட்டுலயே 21 விழுந்தா, அது தான் பிளாக்ஜாக், 15 தருவாங்களாம், இப்ப நிறைய டேபிள்ல 12 தான். அத சின்ன எழுத்துல டேபிள் துணியிலேயே அச்சடிச்சு வச்சிருக்கான், யாரும் படிக்கிறதில்ல. டீலர் எங்கள ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சதும் இவரை இழுத்துட்டு வந்துட்டேன். நான் ஒரு பைசா சூதாட்ட மெஷின்ல உக்காந்தேன், பேரு தான் ஒரு பைசா, ஒரு தடவை அமுக்கினா 60 சென்ட் 75 சென்ட்னு போகுது, பத்து நிமிஷத்துல 12 டாலர் காலி. உள்ள ஒரு கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது, சிகரெட் புகை மட்டும் இருக்கு, வெளிய வந்தா இருட்டிப் போச்சு.

ஞாயித்துக்கிழமை 5.30க்கே எழுந்து குளிச்சு வெள்ளை நீல ஜெர்சிய போட்டுக்கிட்டு கீழ ஸ்போர்ட்ஸ்புக்குக்கு போயாச்சு. ஸ்போர்ட்ஸ்புக்னா புக்கு இல்லங்க, விளையாட்டு மேல பந்தயம் கட்டுற ஹால், சுவர் பூரா ஸ்க்ரீன், ஒரு பக்கம் வங்கி மாதிரி கவுன்டர். நாங்க இருக்குற கலிஃபோர்னியால இது கிடையாது. ஒரு மாசம் முன்னாடி தான் 2022 நவம்பர் தேர்தல்ல இத சட்டமாக்கணுமான்னு ரெண்டு தீர்மானம் ஓட்டுக்கு வந்து ரெண்டும் மண்ணக் கவ்விச்சு, அதுக்கான விளம்பரத்துக்கு மட்டும் ரெண்டு தரப்பும் சேந்து 40 கோடி டாலருக்கு மேல கொட்டினாங்க, டிவி போட்டாலே அது தான். நானும் வேணாம்னு தான் ஓட்டு போட்டேன். போட்டுட்டு ஒரே மாசத்துல வேகஸ்ல லைன்ல நிக்குறேன், என்ன சொல்ல.

6 மணிக்கே உக்கார இடம் இல்ல. மெஸ்ஸி ஜெர்சி போட்ட தாத்தா, குழந்தைய தோள்ல தூக்கிட்டு ஒரு அப்பா, ராத்திரியெல்லாம் தூங்காம கேசினோலேர்ந்து நேரா வந்த நாலு பசங்க, எதிர் டீம் பிரான்ஸ்ங்குறதால ஒரு மூலைல ஒரு பத்து பிரெஞ்சுக்காரங்க. தம்பி காப்பி வாங்கப் போனான். நான் கவுன்டர்ல போய் 20 டாலர் நீட்டி "அர்ஜென்டினா"ன்னேன். அந்தம்மாவுக்கு எங்க அத்தை வயசு இருக்கும். "அர்ஜென்டினா வின்னா?"ன்னு கேட்டாங்க, ஆமான்னேன். சீட்டு வந்துச்சு. ஜெயிச்சா போட்ட காசு திரும்பி வரும், அதுக்கு மேல ஒண்ணரை மடங்குக்கும் கூட. வாழ்க்கைல மொத பந்தயம்.

மேட்ச பத்தி நான் என்ன எழுத, நீங்க எல்லாரும் பாத்தது தான். 23வது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டி, 36வது நிமிஷம் டி மரியா, அந்த கோலுக்கு பந்து கைமாறி கைமாறி, இல்ல கால்மாறி கால்மாறி போன அழகை இன்னைக்கும் போட்டு பாப்பேன். அப்பா வீடியோ கால்ல இருந்தாரு, அங்க ராத்திரி, பின்னாடி தெருவே கத்துது. 2-0. பிரான்ஸ் பந்தையே தொடல. 79வது நிமிஷம் வரைக்கும் என் 20 டாலர் குட்டி போட்டுட்டு இருந்துச்சு, நான் மனசுக்குள்ள அந்த காசுல அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கிட்டேன். 80ல பிரான்ஸோட எம்பாப்பே பெனால்டி. 81ல இன்னொண்ணு. ஒன்னரை நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. மூலைல இருந்த பத்து பிரெஞ்சுக்காரங்களும் நூறு பேர் மாதிரி கத்துறாங்க, அப்பா போன்ல ஒண்ணும் பேசல, சீலிங் ஃபேன் மட்டும் தெரிஞ்சுது, போனை கீழ வச்சுட்டாரு போல.

108ல மெஸ்ஸி. 118ல மறுபடி எம்பாப்பே. 3-3. கடைசி செகண்ட்ல பிரான்ஸோட கோலோ முவானி தனியா வந்து அடிச்சதை நம்ம கோல்கீப்பர் மார்டினஸ் இடது கால நீட்டி தடுத்தாரே, அந்த நேரம் நான் பக்கத்துல இருந்த மெஸ்ஸி ஜெர்சி தாத்தாவோட கையை புடிச்சிட்டு இருந்தேன்னு அப்புறம் தான் எனக்கே தெரிஞ்சுது. பெனால்டில மொன்டியேல் அடிச்சதும் 4-2. யாரு யாரையோ கட்டிப் புடிச்சு அழுதோம். அப்பாவும் அழுதாரு, "36 வருஷம்மா"ன்னாரு. அதுக்கு மேல பேச முடியல அவரால.

மூக்க சிந்திட்டு கவுன்டருக்கு ஓடினேன். அதே அம்மா. சீட்டை மெஷின்ல வச்சாங்க, என்னைப் பாத்தாங்க, "சாரி கண்ணு, இது டிரா" ங்குற மாதிரி ஏதோ சொன்னாங்க. என்னங்க டிரா, அங்க கப்பை தூக்கிட்டு நிக்குறாங்க பாருங்கன்னேன். அப்ப தான் விளக்கினாங்க. நான் எடுத்தது 90 நிமிஷ கணக்காம். அர்ஜென்டினா, பிரான்ஸ், டிரா, இப்படி மூணு பந்தயம், 90 நிமிஷமும் ரெஃப்ரி கூட்டிக் குடுக்குற நிமிஷமும் தான் சேத்தி, எக்ஸ்ட்ரா டைமோ பெனால்டியோ கணக்குல வராது. 90ல 2-2. கோப்பைய யாரு தூக்குறாங்கன்னு கட்டுறது தனிப் பந்தயம், அதுக்கு காசு கம்மியா வரும். சீட்டுலேயே போட்டிருந்துச்சு. முந்தின நாள் தான் டேபிள் துணியில இருக்குறத யாரும் படிக்கிறதில்லன்னு ஒருத்தர் பிரசங்கம் பண்ணாரு, நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். எம்பாப்பே ரெண்டாவது கோல் போட்டு விசில் ஊதின நிமிஷமே என் சீட்டு செத்துப் போச்சு, அதுக்கப்புறம் முக்கா மணி நேரம் நான் பொணத்துக்கு விசிறிட்டு இருந்திருக்கேன்.

தம்பி தரையில உக்காந்து சிரிச்சான். சிரிச்சிட்டே போய் ரெய்டர்ஸ் மேல 20 டாலர் கட்டினான். "அக்கா எங்க ஆட்டத்துல ஓவர்டைமும் சேத்தி, எங்காளுங்க ஏமாத்த மாட்டாங்க". அவன் போட்டிருந்த ஜெர்சிக்கு பாக்கெட் கிடையாது, மேட்ச்ல குதிச்சா கீழ விழுந்துரும்னு சீட்டை என்கிட்ட குடுத்தான், நான் கோட்டு உள் பாக்கெட்ல என் செத்த சீட்டோட சேத்து வச்சேன். இத ஞாபகம் வச்சுக்கங்க.

பெட்டிய எல்லாம் கார்ல ஏத்திட்டு ஸ்டேடியத்துக்கு நடந்தோம். மேட்ச் அன்னைக்கு ஐ-15க்கு மேல போற ஹாசியெண்டா பாலத்தை வண்டிக்கு மூடிட்டு நடக்குறவங்களுக்கு விட்ருவாங்க, அதுல போற கூட்டம் இருக்கே, ஆடி மாசம் தீமிதிக்கு போற கூட்டம் தான். ஆனா எல்லாம் கறுப்பும் வெள்ளியும். மூஞ்சி பூரா மண்டையோடு பெயின்ட், தோள்ல ஒரு ஜாண் நீளத்துக்கு ஆணி, சங்கிலி. நடுவுல நான் ஒருத்தி வெள்ளை நீலத்துல. ஆணி வச்ச ஒரு தடியன் நேரா என்கிட்ட வந்தான், முடிஞ்சோம்னு நெனச்சேன், "மெஸ்ஸி!"ன்னு கத்தி கையை தூக்கினான், நானும் தூக்கி அடிச்சேன். அவங்க வீட்ல காலைலேர்ந்து எல்லாரும் அது தான் பாத்தாங்களாம். கேட்ல ஹேண்ட்பேக் விட மாட்டாங்க, உள்ள இருக்குறது தெரியுற ப்ளாஸ்டிக் பை தான். சாவி, போன், அமிர்தாஞ்சன், எல்லாம் ஊரு பாக்க ஒரு ஜிப்லாக்ல.

ஸ்டேடியம் வெளிய கறுப்பு கண்ணாடி, உள்ள ஏசி, 65,000 பேர் உக்காரலாம். எனக்கு புடிச்சது புல்லு தான். ரெய்டர்ஸ் ஆடுறது நிஜப் புல்லுல, அந்த மைதானம் மொத்தமும் ஒரு தட்டு மாதிரி, சக்கரம் வச்சது, மேட்ச் இல்லாத நாள்ல வெளிய உருட்டி வெயில்ல காய வைப்பாங்க. நம்ம மொட்டை மாடில வடகம் காய வைக்கிற மாதிரி, என்ன ஒண்ணு, வடகம் 9,000 டன்னுக்கு மேல.

ஆட்டம் புரியாதவங்களுக்கு ஒரே வரில, இது கபடி. பத்து கஜம் முன்னேற நாலு ரெய்டு. முன்னேறினா மறுபடி நாலு. முடியலன்னா பந்தை எதிராளிக்கு குடு. குவார்ட்டர்பேக்னு ஒருத்தன் தூக்கி எறிவான், அவன புடிக்க அஞ்சு யானை ஓடி வரும், தடுக்க அஞ்சு யானை நிக்கும். அவ்ளோ தான். ஆட்டக் கணக்கு 60 நிமிஷம், ஆனா நிறுத்தி நிறுத்தி மூணு மணி நேரம் ஓடும், காலைல நிக்காம ஓடின ஆட்டத்தை பாத்துட்டு வந்தவளுக்கு இது மெகா சீரியல் மாதிரி இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் கதை பத்து நிமிஷம் விளம்பரம்.

எதிர் டீம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். பாதி ஆட்டத்துல ரெய்டர்ஸ் 17-3ன்னு முன்னாடி. தம்பி ராஜா மாதிரி உக்காந்திருந்தான். ரெண்டாவது பாதில வரிசையா வாங்கினாங்க, கடைசி நாலு நிமிஷத்துக்குள்ள 24-17ன்னு பேட்ரியாட்ஸ் மேல போயிட்டாங்க. காலைல எனக்கு நடந்தது அப்படியே இவனுக்கு. நான் ஒண்ணும் சொல்லல, புளியோதரை கார்ல இருக்குடான்னு மட்டும் சொன்னேன். 32 செகண்ட் இருக்கும்போது ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக் டெரெக் கார்ங்குறவரு தூக்கி எறிஞ்ச பந்தை கீலன் கோல்ங்குற அவங்க ஆளு மூலைல புடிச்சாரு, கால் வெளிக் கோட்டை மிதிச்ச மாதிரி தான் எனக்கு தெரிஞ்சுது, திருப்பித் திருப்பி ஸ்க்ரீன்ல போட்டாங்க, கடைசில டச்டவுன்னே, அதாவது நம்ம கோல் மாதிரி, விட்டுட்டாங்க. 24-24.

மூணு செகண்ட் பாக்கி. பந்து பேட்ரியாட்ஸ் கைல, அவங்க பாதிலேயே. என் வீட்டுக்காரர் எழுந்தாரு. "இனிமே ஓவர்டைம் தான், கூட்டம் வர்றதுக்குள்ள பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்." கணக்கு சரி தான், யாரா இருந்தாலும் அப்படித் தான் நெனச்சிருப்பாங்க.

ஸ்டீவன்சன்னு ஒருத்தர் பந்தை வாங்கி ஓடினாரு. மணி தீந்துடுச்சு. பேசாம கீழ விழுந்திருந்தா ஓவர்டைம். ஆனா பின்னாடி வந்த அவங்க டீம் ஆளு மேயர்ஸ்கிட்ட தூக்கிப் போட்டாரு. மேயர்ஸ் என்ன நெனச்சாரோ, திரும்பி, ரொம்ப தூரம் பின்னாடி இருந்த அவங்க குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ பாத்து எறிஞ்சாரு. நடுவுல ரெய்டர்ஸோட சாண்ட்லர் ஜோன்ஸ் நின்னுட்டு இருந்தாரு. லட்டு மாதிரி கைல வந்து விழுந்துச்சு. ஒரு ஜோன்ஸ் இன்னொரு ஜோன்ஸ ஒரே கைல தள்ளி தரையில உக்கார வச்சுட்டு 48 கஜம் ஓடி கோட்டை தாண்டினாரு. 30-24. இந்த சாண்ட்லர் ஜோன்ஸ் முன்னாடி பேட்ரியாட்ஸ்லயே ஆடினவரு, அது வேற. கூத்து என்னன்னா அடுத்த வருஷம் அந்த மேயர்ஸே ரெய்டர்ஸ்ல வந்து சேந்துட்டாரு.

எனக்கு ரூல் ஒண்ணும் தெரியாது, ஆனாலும் கத்தினேன். தம்பி யாரோ முன்ன பின்ன தெரியாத மண்டையோட்டுக்காரன் முதுகுல ஏறிட்டான். அஞ்சு நிமிஷம் கழிச்சு என் வீட்டுக்காரர் கையை துடைச்சிட்டே வந்து "என்ன, டாஸ் போட்டாச்சா?"ன்னாரு.

திரும்பி ஹோட்டலுக்கு வந்து, தம்பி நெஞ்ச நிமித்திட்டு கவுன்டர் லைன்ல நின்னு கையை நீட்டினான். "சீட்டு குடு க்கா." கோட்டு பாக்கெட்ல கை விட்டேன். இல்ல. எல்லா பாக்கெட்டும் பாத்தாச்சு, ஜிப்லாக்க கொட்டிப் பாத்தாச்சு, கார்ல சீட்டுக்கு அடில பாத்தாச்சு. ஸ்டேடியத்துல நாச்சோஸ் வாங்கினப்போ என் கோட்டு இவரு மடியில இருந்துச்சு, தட்டை குப்பைல போட்டதும் இவரு தான், அதோட சேத்து போட்டுட்டாருன்னு தம்பி தீர்ப்பு சொல்லிட்டான். மொத்தமே 40 டாலரைத் தொடாது. ஆனா மாநில எல்லைல இருக்குற ப்ரிம்ங்குற ஊர் கிட்ட ஐ-15ல ஒரு மணி நேரம் வண்டி நகராம நின்னப்போ, புளியோதரை சாப்ட்டுக்கிட்டே, காசை பத்தி ஒரு வார்த்தை பேசல அவன், "மாமா அந்த மேட்சையும் பாக்கல, சீட்டையும் தொலைச்சிட்டாரு"ன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொல்லிட்டு வந்தான். அன்னையிலேர்ந்து எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இந்தக் கதை ஓடும். இவரும் நாம தான் போட்டிருப்போம் போலன்னு நம்பவே ஆரம்பிச்சுட்டாரு.

உள் பாக்கெட்ல ஒரு ஓட்டை இருந்திருக்கு. ரெண்டு சீட்டும் லைனிங்குக்குள்ள இறங்கி இத்தனை வருஷமா முதுகுப் பக்கம் படுத்து தூங்கிட்டு இருந்திருக்கு, அத போட்டுக்கிட்டு தான் நான் ஊரெல்லாம் சுத்தியிருக்கேன். தம்பி சீட்டோட பின்னாடி காலாவதி தேதி போட்டிருக்கு, அது எப்பவோ முடிஞ்சு போச்சு.

தம்பிகிட்ட இன்னும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே பேசாம சீட்டையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் லேப்டாப்ப திறந்து ஃபோட்டோ ஃப்ரேம் ஆர்டர் பண்ணாரு. தீபாவளிக்கு தம்பி வரும்போது அவன் எப்பவும் உக்கார்ற சோஃபாவுக்கு நேரா மாட்டணுமாம்.